குறுணல் வந்த வயல் எது: நிலைபேறான கொள்முதல் பற்றிய ஓர் எளிய விளக்கம்

நெல்லை ஆலையில் இட்டால் முழு அரிசி, குறுணல், தவிடு, உமி என நான்கும் பிரிந்து வருகின்றன. முழு அரிசி கடைக்கும் வீட்டுக்கும் போகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்தது. குறுணலின் ஒரு பகுதி கோழித் தீவனமாகிறது. இன்னொரு பகுதி மாவாக அரைக்கப்பட்டு, நூடில்ஸ், குழந்தை உணவு, சிற்றுண்டி போன்றவற்றைச் செய்யும் தொழிற்சாலைகளுக்கு விற்கப்படுகிறது. தவிட்டிலிருந்து எண்ணெய் எடுக்கப்படுகிறது. இவ்வாறே சோளத்திலிருந்து மாப்பொருளும் குளுக்கோஸ் பாணியும், சோயாவிலிருந்து லெசித்தினும், தேங்காயிலிருந்து உலர்த்திய துருவலும் தேங்காய்ப்பால் மாவும் செய்யப்படுகின்றன. இப்படிப்பட்ட பொருட்களைச் செய்து, அவற்றைப் பெரும்பாலும் மற்ற உணவுத் தொழிற்சாலைகளுக்கே விற்பவை உணவுச் சேர்மானப் பொருள் நிறுவனங்கள். அவற்றின் பெயரைக் கடைத் தட்டில் காண்பது அரிது. பிஸ்கட் பொதியின் பின்பக்கத்தில் 'குளுக்கோஸ் பாணி', 'மாற்றிய மாப்பொருள்', 'ஈ 322' (லெசித்தினின் குறியீட்டு எண்) என்று அவற்றின் சரக்கு மட்டும் பெயரின்றி நிற்கும்.

இந்த நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளில் இப்போது தவறாமல் இடம்பெறும் ஒரு தொடர் 'நிலைபேறான கொள்முதல்'. பயிரை விளைவித்த மண்ணும் நீரும் சுற்றியுள்ள காடும் கெடாமலும், விளைவித்த மனிதர்கள் ஏய்க்கப்படாமலும், அதே நிலத்திலிருந்து அடுத்த தலைமுறையிலும் அதே சரக்குக் கிடைக்கக்கூடிய விதத்திலும் மூலப்பொருளை வாங்குவது என்று அதற்குச் சுருக்கமாகப் பொருள் சொல்லலாம். இதை மறுப்பவர் எவரும் இல்லை. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. வாங்கிய மூட்டை எந்த வயலிலிருந்து வந்தது என்று தெரியாத நிறுவனம், அந்த வயலின் மண்ணைப் பற்றியோ அங்கு வேலை செய்தவரின் கூலியைப் பற்றியோ எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆகவே இந்தக் கருத்தைப் புரிந்துகொள்ள விரும்புபவர், மூட்டை பயணிக்கும் பாதையையும், அந்தப் பாதையை எழுதி வைக்கும் செலவு யார் தலையில் விழுகிறது என்பதையும் முதலில் கவனிக்க வேண்டும் என்பது என் கருத்து. இலங்கையின் கிழக்கிலுள்ள மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் நெல்லையும் சோளத்தையும் வைத்துப் பார்த்தால் இது எளிதில் விளங்கும்.

நிறுவனத்துக்கு இதில் என்ன அக்கறை

நல்ல மனம் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் அதை நம்பி ஒரு துறை முழுவதும் இயங்குவதில்லை. சேர்மான நிறுவனத்தின் வாடிக்கையாளர்கள் பெரிய உணவு நிறுவனங்கள். அவை தங்கள் பசுங்குடில் வாயு வெளியேற்றத்தைக் கணக்கிடும்போது மூன்று வட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடுகின்றன: தம் ஆலையிலும் வாகனங்களிலும் எரியும் எரிபொருள் முதலாவது வட்டம், வெளியிலிருந்து வாங்கும் மின்சாரம் இரண்டாவது, விலைக்கு வாங்கும் மூலப்பொருட்கள் உட்பட மற்ற அனைத்தும் மூன்றாவது. உணவுத் துறையில் மூன்றாவது வட்டமே மிகப் பெரியது, ஏனெனில் வயலிலும் பண்ணையிலும் நிகழ்பவை அதில்தான் அடங்குகின்றன. பிஸ்கட் நிறுவனம் மாப்பொருள் நிறுவனத்திடம் கணக்குக் கேட்கிறது. மாப்பொருள் நிறுவனம் சோளம் விற்றவரிடம் கேட்கிறது. கேள்வி இப்படியே இறங்கி வந்து கடைசியில் வயல் வரம்பில் நிற்கிறது.

அடுத்தது சட்டம். ஐரோப்பிய ஒன்றியம் 2023ஆம் ஆண்டில் காடழிப்புக்கு எதிரான ஒழுங்குவிதி ஒன்றை இயற்றியது. மாடு, கொக்கோ, கோப்பி, பாம் எண்ணெய், இறப்பர், சோயா, மரம் ஆகிய ஏழும் அவற்றிலிருந்து செய்யப்படும் பல பொருட்களும் அதற்குள் வருகின்றன. 2020 டிசம்பர் 31க்குப் பின்னர் காடழிக்கப்பட்ட நிலத்தில் விளைந்தவை அந்தச் சந்தைக்குள் நுழையக் கூடாது என்பதும், விளைந்த நிலத்தின் புவி அமைவிடத்தைக் கொடுக்க வேண்டும் என்பதும் அதன் சாரம். நிலம் 4 ஹெக்டேயருக்கு, அதாவது ஏறத்தாழ 10 ஏக்கருக்கு, மேற்பட்டதாக இருந்தால் அதன் எல்லைக் கோட்டை முழுவதுமாக வரைந்து காட்ட வேண்டும். அதற்குக் குறைந்ததாக இருந்தால் ஒரு புள்ளி போதும். நெல், சோளம், தென்னை மூன்றும் இந்தப் பட்டியலில் இல்லை. ஆயினும் ஒரு சரக்குக்கு வரைபடம் கேட்டுப் பழகிய கொள்வனவாளர் மற்றச் சரக்குக்கும் அதையே கேட்கத் தொடங்குவார் என்பதால், இது நமக்கு எட்டாத சங்கதி என்று ஒதுக்கிவிட முடியாது.

மூன்றாவது காரணம் சரக்குத் தட்டுப்பாடு பற்றிய அச்சம். 1978 நவம்பர் 23 அன்று வீசிய சூறாவளி மட்டக்களப்பின் தென்னந்தோப்புகளில் மிகப் பெரும் பகுதியைச் சாய்த்துவிட்டது. புதிதாக நட்ட தென்னை காய்க்க ஆறேழு ஆண்டுகளாவது செல்லும். அதுவரை காத்திருக்கும் ஆலை எதுவும் இல்லை. 2011 ஜனவரியிலும் பெப்ரவரியிலும் வந்த வெள்ளம் கிழக்கில் அறுவடைக்கு நெருங்கிய நெல்லை மூழ்கடித்தது. ஒரே பிரதேசத்தை நம்பியிருக்கும் கொள்வனவாளருக்கு அங்குள்ள மண் தாங்குமா, குளம் தாங்குமா, விவசாயி அடுத்த போகமும் விதைப்பாரா என்பவை வியாபாரக் கேள்விகளே.

வயலில் எதைப் பார்க்கிறார்கள்

இதற்கெனப் பொதுவான அளவுகோல்கள் உருவாகியிருக்கின்றன. நெஸ்லே, யுனிலிவர், டனோன் ஆகிய மூன்று நிறுவனங்களும் 2002இல் சேர்ந்து தொடங்கிய நிலைபேறான விவசாய முன்முயற்சித் தளம் ஒரு பண்ணை மதிப்பீட்டுக் கேள்விக்கொத்தை வைத்திருக்கிறது. விடைகளுக்கு ஏற்பப் பண்ணை வெண்கலம், வெள்ளி, தங்கம் எனத் தரப்படுத்தப்படுகிறது. பல சேர்மான நிறுவனங்கள் சோளம், மரவள்ளி, உருளைக்கிழங்கு ஆகியவற்றுக்கு இதையே பயன்படுத்துகின்றன. நெல்லுக்கென்று தனியாக, சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனமும் ஐக்கிய நாடுகள் சுற்றாடல் அமைப்பும் 2011இல் கூட்டாக உருவாக்கிய நிலைபேறான நெல் தளம் என்ற அமைப்பு இருக்கிறது. அதன் தரநியமம் 2015இல் வெளிவந்தது. நீர், உரம், பூச்சிநாசினி, உயிரினங்கள், கூலி, சிறுவர் உழைப்பு, பதிவேடு எனக் கேள்விகள் நீளும். எல்லாவற்றையும் விளக்க வேண்டியதில்லை. நெல்லைப் பொறுத்தவரை முக்கியமானது நீர். அதைச் சற்று நின்று பார்க்கலாம்.

வயலில் தண்ணீர் கட்டி நிற்கும்போது மண்ணுக்குள் ஒட்சிசன் புகுவதில்லை. காற்றில்லாத அந்தச் சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் வைக்கோலையும் வேரையும் சிதைத்து மெதேன் வாயுவை உண்டாக்குகின்றன. ஒரு கிலோ மெதேன், நூறு ஆண்டுக் கணக்கில், ஒரு கிலோ காபனீரொட்சைட்டைப் போல ஏறத்தாழ 27 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது. மனிதச் செயல்களால் உலகில் வெளியேறும் மெதேனில் பத்தில் ஒரு பங்கு அளவு நெல் வயல்களிலிருந்து வருவதாகக் கணிக்கப்படுகிறது. இதற்கு மாற்றாகப் பரிந்துரைக்கப்படுவது மாறி மாறி நனைத்து உலர்த்தும் முறை. ஏறத்தாழ 30 சென்ரிமீற்றர் நீளமுள்ள துளையிட்ட பிளாஸ்டிக் குழாயொன்றை வயலில் பாதி புதைத்து வைத்தால், மண்ணுக்குள் நீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்பது அதற்குள் தெரியும். மண் மட்டத்துக்குக் கீழே 15 சென்ரிமீற்றர் வரை நீர் இறங்கும்வரை விட்டு, பிறகு 5 சென்ரிமீற்றர் உயரத்துக்கு மீண்டும் கட்ட வேண்டும். பூக்கும் பருவத்தில் மட்டும் வயலைக் காயவிடக் கூடாது. இதனால் நீர்த் தேவை 30 சதவீதம் வரையும் மெதேன் ஏறத்தாழப் பாதி வரையும் குறையக்கூடும். விளைச்சலில் இழப்பு வருவதில்லை. மண் காய்ந்து நனையும்போது, வெப்பத்தைப் பிடிக்கும் இன்னொரு வாயுவான நைதரசு ஒட்சைட்டு சற்றுக் கூடுவது உண்டு என்றாலும் மொத்தக் கணக்கில் இலாபமே மிஞ்சுகிறது.

தாளில் இது அழகாக இருக்கிறது. மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையின் பள்ள வயல்களில், மழைக்காலப் பெரும்போகத்தில் இதைச் செய்யச் சொன்னால் விவசாயி சிரிப்பார். நமக்குக் கிடைக்கும் மழையின் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் ஜனவரி வரையான சில மாதங்களுக்குள் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. அந்த நாட்களில் வயலை உலர்த்துவது மனிதர் கையில் இல்லை, வடித்துவிட இடமும் இல்லை. மழை குறைந்த சிறுபோகத்தில், உன்னிச்சை, நவகிரி, உறுகாமம் போன்ற குளங்களின் கீழும், அம்பாறையில் சேனாநாயக்க சமுத்திரத்து வாய்க்கால்களின் கீழும் செய்யப்படும் வேளாண்மைக்கு இந்த முறை பொருந்தும். அங்கும் எந்தத் திகதியில் நீர் திறப்பது, எத்தனை ஏக்கருக்குக் கொடுப்பது என்பவற்றைப் போகத்தின் தொடக்கத்தில் கூடும் பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டமே தீர்மானிக்கிறது. வாய்க்காலில் நீர் வரும் முறை தவறிவிட்டால் அடுத்த முறை எப்போது வருமோ என்ற அச்சத்தில் விவசாயி கிடைக்கும்போதே கட்டி வைக்கிறார். அது அறியாமையால் செய்வது இல்லை. எனவே ஒரு நிறுவனம் உண்மையாகவே மெதேனைக் குறைக்க விரும்பினால், தனித்தனி விவசாயிக்குக் குழாய் கொடுப்பதை விட, வட்டை எனப்படும் வயல்வெளி முழுவதற்கும் நீர் முறை நம்பகமாக வருவதற்கு நீர்ப்பாசனத் திணைக்களத்துடனும் கமக்காரர் அமைப்புடனும் உட்கார்ந்து பேசுவதே பலன் தரும்.

உரத்தைப் பற்றியும் ஒரு விடயத்தைச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் நிலைபேறு என்றாலே இரசாயன உரத்தைக் கைவிடுவது என்று நம் நாட்டில் பலர் நினைத்துவிட்டார்கள். யூரியாவில் பயிர் எடுத்துக்கொள்ளாத நைதரசன் நீரில் கரைந்து போகிறது. ஒரு பகுதி நைதரசு ஒட்சைட்டாக மாறுகிறது, அதன் வெப்பம் பிடிக்கும் ஆற்றல் காபனீரொட்சைட்டை விட 273 மடங்கு. ஆகவே தேவைக்கு மேல் இடும் ஒவ்வொரு கிலோவும் நட்டமே. இலையின் நிறத்தை அட்டையுடன் ஒப்பிட்டு, பயிர் கேட்கும்போது மட்டும் யூரியா இடுவது மலிவான, சோதித்து அறிந்த வழி. 2021 ஏப்ரலில் அரசாங்கம் இரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாகத் தடை செய்ய முடிவெடுத்து, மே மாதத்தில் அதை நடைமுறைப்படுத்தியது. நவம்பரில் தடையை நீக்க நேர்ந்தது. அதற்குள் 2021/22 பெரும்போகம் பாழாகி, அரிசியை இறக்குமதி செய்யும் நிலை வந்தது. மண் பதப்படப் பல போகங்கள் வேண்டும் என்பதையும், சேதனப் பசளை அந்த அளவில் கிடைக்காது என்பதையும் கேட்டறியாமல் எடுத்த முடிவு அது. நிலைபேறான கொள்முதலை விளக்கும் எவரும் இதை ஓர் எதிர்மறை உதாரணமாக நினைவில் வைத்திருப்பது நல்லது: விளைவிப்பவருக்கு வருமானம் இல்லாமல் போகும் எந்த முறையும், மண்ணுக்கு எவ்வளவு நல்லதாக இருந்தாலும், நீடிக்காது.

வைக்கோலை எரிப்பதையும் இந்தக் கேள்விக்கொத்துகள் கேட்கின்றன. அறுவடை இயந்திரம் வந்த பின்னர் வைக்கோல் வயலெங்கும் சிதறிக் கிடக்கிறது, சேர்க்கும் கூலி கட்டுப்படியாகவில்லை, அதனால் தீ வைக்கிறார்கள். வாழைச்சேனைக் காகித ஆலை ஒரு காலத்தில் இதே வைக்கோலை மூலப்பொருளாக விலைக்கு வாங்கியது என்பதை இங்கு நினைக்காமல் இருக்க முடியவில்லை.

சோளத்தின் கதை வேறு. அம்பாறை, இலங்கையில் சோளம் அதிகம் விளையும் மாவட்டங்களுள் ஒன்று. விளைவதில் பெரும்பங்கு கால்நடைத் தீவனத்துக்குப் போகிறது, திரிபோஷ போன்ற சத்துணவுக்கும் பயன்படுகிறது. 2018இல் சோளப் பயிரைத் தின்னும் படைப்புழு இலங்கைக்கு வந்ததிலிருந்து பூச்சிநாசினிப் பயன்பாடு கூடியது. எதை, எத்தனை தடவை, அறுவடைக்கு எத்தனை நாட்களுக்கு முன் தெளித்தார்கள் என்ற பதிவு கொள்வனவாளருக்குத் தேவைப்படுகிறது. அறுவடையான சோளம் ஈரமாகக் குவிந்து கிடந்தால் பூஞ்சணம் பிடித்து அஃப்ளாடொக்சின் என்ற நஞ்சு உண்டாகும் என்பதால் உலர்த்தலும் கேட்கப்படுகிறது. ஆனால் சோளத்தில் கேட்க வேண்டிய முதற்கேள்வி இவை எல்லாவற்றுக்கும் முந்தியது: இந்தப் பயிர் வருவதற்கு முன் அந்த நிலம் எதற்குப் பயன்பட்டது, யாருக்குப் பயன்பட்டது?

மயிலத்தமடுவும் மாதவனையும் மட்டக்களப்பின் பண்ணையாளர்கள் நெடுங்காலமாகத் தம் மாடுகளை மேய்த்துவரும் தரைகள். வெளியிலிருந்து வந்தவர்கள் அங்கே சோளம் உள்ளிட்ட பயிர்களைச் செய்வதை எதிர்த்து, 2023 செப்டெம்பரில் பண்ணையாளர்கள் சித்தாண்டியில் தொடர் போராட்டம் ஒன்றைத் தொடங்கினார்கள். கொள்முதல் கண்ணோட்டத்தில் இதை வைத்துப் பாருங்கள். காடழிப்பை மட்டும் தேடும் செயற்கைக்கோள் சோதனை, பெரும்பாலும் புல்லும் பற்றையுமாக இருக்கும் மேய்ச்சல் தரையில் மரம் வெட்டப்படவில்லை என்று சொல்லிக் கடந்துவிடக்கூடும். நிலத்தின் மேல் வேறொருவருக்கு இருக்கும் உரிமை வானத்திலிருந்து எடுக்கும் படத்தில் தெரியாது. ஊரில் கேட்டால்தான் தெரியும். நல்ல தரநியமங்கள் நில உரிமையையும் முன்கூட்டிய இணக்கத்தையும் கேட்கின்றன. ஆனால் அந்தக் கேள்விக்கு விடை எழுதுபவர் சோளத்தை விற்பவர், மேய்ச்சல் தரையை இழந்தவரிடம் எவரும் கேட்பதில்லை. இந்த இடைவெளியை நிரப்பாத சான்றிதழை நான் பெரிதாக மதிக்க மாட்டேன்.

மரமுந்திரிகையைப் பற்றி ஒரு சொல் போதும். அதன் ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் தோலைப் பொசுக்கும். பருப்பு உடைக்கும் வேலையில் பெரும்பாலும் பெண்களே இருக்கிறார்கள். கையுறை கொடுக்கப்பட்டதா, துண்டு வேலைக் கூலி நாட்கூலிக்கு ஈடாகிறதா என்பவையே அங்கு நிலைபேறு பற்றிய கேள்விகள்.

மூட்டை கலக்கும் இடம்

இனி பாதைக்கு வருவோம். வேளாண்மை வெட்டு முடிந்ததும் நெல் பெரும்பாலும் வயலடியிலேயே கைமாறுகிறது. உள்ளூர் வியாபாரி பல வயல்களின் நெல்லை ஒரு களஞ்சியத்தில் சேர்க்கிறார். லொறியில் ஏறி அது பொலன்னறுவை போன்ற இடங்களின் பெரிய ஆலைகளுக்கும் போகிறது. ஆலையில் பல மாவட்டங்களின் நெல் ஒன்றாக அவிக்கப்பட்டுக் குற்றப்படுகிறது. பிறகு அதிலிருந்து வரும் குறுணல், வேறு ஆலைகளின் குறுணலுடன் சேர்ந்து மா ஆலைக்குப் போகிறது. சேர்மான நிறுவனம் வாங்குவது இந்த இறுதிச் சரக்கை. பக்கப்பொருளை மூலப்பொருளாகக் கொள்ளும் எந்தத் தொழிலுக்கும் இந்தக் கடினம் உண்டு; முழு அரிசியை வாங்குபவர் ஒரு தடவை கேட்க வேண்டியதைக் குறுணல் வாங்குபவர் பல தடவை கேட்க வேண்டியிருக்கிறது, பதில் சொல்ல வேண்டியவர்களில் பலருக்கு அதைச் சொல்வதால் எந்த இலாபமும் இல்லை.

கலப்பு நடப்பதை ஏற்றுக்கொண்டு, அதை எப்படிக் கணக்கு வைப்பது என்பதற்கு நான்கு முறைகள் வழக்கத்தில் இருக்கின்றன. 2004இல் உருவான நிலைபேறான பாம் எண்ணெய்க்கான வட்டமேசை அமைப்பு இவற்றை நான்கு படிகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. மற்றப் பயிர்களிலும் இதே எண்ணங்கள் ஆளப்படுகின்றன. மிகக் கண்டிப்பானது, ஒரே மூலத்தின் சரக்கைத் தொடக்கம் முதல் இறுதிவரை வேறெதனுடனும் கலக்காமல் கொண்டு செல்வது. இரண்டாவதில் சான்று பெற்ற பல பண்ணைகளின் சரக்குகள் தமக்குள் கலக்கலாம், சான்று பெறாதது மட்டும் கலக்கக் கூடாது. மூன்றாவது, நிறைச் சமநிலை எனப்படும் முறை. சான்று பெற்றதும் பெறாததும் ஒரே தொட்டியில் கலக்கின்றன. ஆனால் 100 தொன் சான்று பெற்ற சரக்கு உள்ளே போனால், அதற்கு ஈடான அளவை மட்டுமே சான்று பெற்றதாக வெளியே விற்கலாம். வீட்டு நெல்லை ஆலைக்குக் கொடுத்து, அதற்கு ஈடான அரிசியை உடனே மாற்றி எடுத்துவருபவருக்கு இது புதிதாகத் தோன்றாது: கையில் வரும் அரிசி தன் வயலுடையது இல்லை, கணக்கு மட்டும் தன்னுடையது. நான்காவதில் சரக்கும் சான்றும் முற்றாகப் பிரிந்துவிடுகின்றன. நிறுவனம் சாதாரணச் சரக்கை எங்கோ வாங்கிக்கொண்டு, வேறெங்கோ நன்றாக விளைவித்த விவசாயியிடமிருந்து சான்று அலகை மட்டும் விலைக்கு வாங்குகிறது.

நிறைச் சமநிலையை ஏமாற்று வேலை என்று சிலர் தள்ளிவிடுகிறார்கள். நான் அப்படிக் கருதவில்லை. இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர் செய்யும் விவசாயியின் நெல்லைத் தனி லொறியில், தனி அவியலில், தனிக் களஞ்சியத்தில் கொண்டு செல்லும் செலவு, அந்த நெல்லின் மேலதிக விலையைத் தின்றுவிடும். கண்டிப்பான முறையை மட்டும் ஏற்போம் என்றால் பெரிய தோட்டங்களே சான்று பெறும், சிறு விவசாயி வெளியே நிற்பார். குற்றம் எப்போது வருகிறது என்றால், நிறைச் சமநிலையில் வாங்கிய நிறுவனம் தன் பொதியில் இருக்கும் தானியமே அந்த விவசாயியினுடையது என்று வாசகர் எண்ணும்படி விளம்பரம் எழுதும்போது.

எழுதி வைக்கும் செலவு யாருடையது

சான்று பெறத் தனி விவசாயி ஒருவரால் முடியாது. கணக்காய்வாளரின் கட்டணமே அவருடைய ஒரு போக இலாபத்தைத் தாண்டிவிடும். எனவே குழுவாகச் சேர்கிறார்கள். குழு தனக்குள்ளேயே உறுப்பினரின் வயல்களைப் பரிசோதித்துப் பதிவு வைக்கிறது. வெளியிலிருந்து வரும் கணக்காய்வாளர் அந்த உள்முறை சரியாக இயங்குகிறதா என்பதையும், மாதிரியாகச் சில வயல்களையும் பார்க்கிறார். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2018/848 இலக்கச் சேதன விவசாய ஒழுங்குவிதி இத்தகைய குழுவுக்கு 2,000 உறுப்பினர் என்ற உச்ச எல்லையை வைக்கிறது, குழு சட்டப்படி பதிவான அமைப்பாக இருக்க வேண்டும் என்கிறது, பொதுவாக 5 ஹெக்டேயருக்கு உட்பட்ட சிறு நிலங்களை வைத்திருப்போரை நோக்கியே அமைந்திருக்கிறது. நம் பக்கத்தில் கமநல சேவை நிலையங்களில் பதிவான கமக்காரர் அமைப்புகள் ஏற்கெனவே இருக்கின்றன. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் விவசாயக் காணி இடாப்பும் இருக்கிறது. உர மானியத்துக்காகப் பெயர், ஏக்கர் எல்லாம் பல தடவை எழுதப்பட்டிருக்கின்றன. இவற்றை விட்டுவிட்டு, ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென்று ஒரு கைபேசிச் செயலியுடன் வந்து அதே விவசாயியிடம் அதே கேள்விகளைக் கேட்பது வீண் வேலை.

கேள்விகளிலும் நம் நிலைமைக்குப் பொருந்தாதவை உண்டு. நிலத்துக்கு உரிமைப் பத்திரம் இருக்கிறதா என்று கேட்டால் பலர் தயங்குவார்கள். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கிடைத்த அனுமதிப்பத்திரம் சிலரிடம் இருக்கும். இடப்பெயர்வில் அதைத் தொலைத்தவர்கள் இருப்பார்கள். பெருநிலக்காரரான போடியாரிடம் குத்தகைக்கு எடுத்துச் செய்பவர்களிடம் வாய்ச்சொல்லைத் தவிர வேறொன்றும் இராது. பெண் தலைமைத்துவக் குடும்பங்களில் பத்திரம் இறந்துபோன அல்லது காணாமல் ஆக்கப்பட்ட கணவரின் பெயரில் இருக்கும். 'இல்லை' என்ற விடை வந்ததும் அந்த வயலைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடும் நிறுவனம் எவரைக் காக்க வந்ததாகச் சொல்கிறதோ அவர்களையே வெளியே தள்ளுகிறது. கிராம உத்தியோகத்தரும், வயல்வெளியின் வேலைகளைக் கவனிக்கும் வட்டை விதானையும் இந்த வயலை இவர்தான் செய்கிறார் என்று உறுதிப்படுத்துவதை ஏற்கும் வழி ஒன்று அதில் இருந்தாக வேண்டும்.

இப்போது விலை. நிலைபேறான சரக்குக்குக் கிலோவுக்கு இவ்வளவு கூடத் தருகிறோம் என்று சொல்லும்போது அந்த மேலதிகத்தை எதனுடன் ஒப்பிடுவது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். நெல் சந்தைப்படுத்தும் சபை உட்பட முறையான கொள்வனவாளர்கள் 14 சதவீத ஈரப்பதத்தில் நெல்லைக் கேட்கிறார்கள். இயந்திரத்தால் வெட்டிய நெல்லில் 20 சதவீத ஈரம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அந்த நெல்லில் 1,000 கிலோவை 14 சதவீதத்துக்கு உலர்த்தினால் மிஞ்சுவது ஏறத்தாழ 930 கிலோ. ஆக, வயலடியில் ஈர நெல்லை எடுக்கும் வியாபாரியின் விலையை விட நிறுவனத்தின் விலை ஏழரை சதவீதம் கூடினால்தான் இரண்டும் சமமாகின்றன. காயவிடும் கூலியையும், பிரதான வீதியோரத்தில் பரப்பி மழைக்குப் பயந்து காவல் இருக்கும் நாளையும் இன்னும் சேர்க்கவில்லை. வியாபாரி ஈரத்துக்கென்று மூட்டைக்குச் சில கிலோ கழிப்பதும் உண்டு, அந்தக் கழிவையும் சேர்த்துப் பார்த்தால் இடைவெளி சற்றுக் குறையும். எப்படியாயினும், உலர்த்தும் தளமோ இயந்திரமோ இல்லாத ஊருக்குக் கிலோவுக்குச் சில ரூபாய் கூடத் தருவதை விட, அந்த வசதியைச் செய்து கொடுப்பது நிறுவனத்துக்கும் விவசாயிக்கும் கூடுதல் பயன் தரும்.

விலையை விடவும் வலுவான இன்னொரு கட்டு இருக்கிறது. விதைநெல்லும் உரமும் மருந்தும் வியாபாரியிடம் கடனாக எடுத்து, வேளாண்மை வெட்டியதும் நெல்லாகத் தீர்ப்பது இங்கு பழைய வழக்கம். அவ்வாறு கடன்பட்டவர், நிறுவனம் என்ன விலை சொன்னாலும் தன் நெல்லை வேறெவருக்கும் கொடுக்க முடியாது. ஆகவே போகத் தொடக்கத்தில் உள்ளீட்டுக் கடனை நியாயமான வட்டியில் ஒழுங்கு செய்யாத கொள்முதல் திட்டம், கடன் படாத வசதியான விவசாயிகளை மட்டும் சென்றடையும். உள்ளூர் வியாபாரியை வில்லனாக்கி ஒதுக்கிவிடுவதும் எனக்குச் சரியாகப் படவில்லை. வெள்ளத்தில் அழிந்த போகத்துக்குத் தவணை கொடுத்தவரும் பல இடங்களில் அவர்தான்; எந்த வயலின் நெல் தன் களஞ்சியத்துக்கு எப்போது வந்தது என்று அறிந்திருப்பவரும் அவரே. அவருடைய கொப்பியில் ஒரு நிரலைக் கூட்டி, மூட்டையில் வட்டையின் பெயரை எழுத வைத்து, அதற்கு ஒரு கட்டணம் கொடுப்பது, அவரைச் சுற்றிப்போகும் புதிய பாதை ஒன்றை அமைப்பதை விட மலிவானது.

கமக்காரர் அமைப்பொன்றிடம் இத்தகைய திட்டத்துடன் யாராவது வந்தால் கேட்க வேண்டியவை பல இல்லை. மேலதிக விலை யாருடைய கையில், எந்தத் திகதியில் கொடுக்கப்படும். விளைச்சல் தவறினால் ஒப்பந்தம் என்ன சொல்கிறது. கணக்காய்வுக் கட்டணம் யாருடையது. சரக்கு மேற்சொன்ன நான்கில் எந்த முறையில் விற்கப்படும். வயலின் வரைபடமும் விவசாயியின் விபரங்களும் யாருக்குச் சொந்தம், திட்டம் முடிந்த பிறகு வேறொரு கொள்வனவாளரிடம் அவற்றை அமைப்பே கொண்டு போகலாமா. கடைசிக் கேள்வியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஒரு முறை எழுதிய பதிவு அமைப்பின் கையில் இருந்தால் அடுத்த கொள்வனவாளருக்காக அதே வேலையை மறுபடியும் செய்ய வேண்டியதில்லை. நிறுவனத்தின் கணினியில் மட்டும் இருந்தால், அந்த நிறுவனம் போகும் நாளில் பதிவும் போய்விடும். ஒப்பந்தத்திலும் கேள்விக்கொத்திலும் தமிழ்ப் பிரதி ஒவ்வொன்றைக் கையெழுத்திடுவதற்கு முன்பே கேட்டு வாங்கி, அமைப்பின் கோப்பில் வைத்துக்கொள்ள வேண்டும்.